புருவத்தில் ஊசி: குறை எது, அழகு எது?

கல்யாணச் சாமான் வாங்க தி. நகர் உஸ்மான் சாலைக்குப் போகாத முஸ்லிம் குடும்பம் சென்னையில் குறைவு. 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்த சர் முகம்மது உஸ்மான் சாஹிபின் பெயர் தாங்கிய சாலை அது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்களோ! பட்டும் நகையும் வாங்கி முடித்த கையோடு, இப்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது. மணப்பெண்ணின் புருவத்திலும் உதட்டிலும் ஊசியால் நிறம் ஏற்றும் வேலை அது. அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்து அழகு நிலையங்களிலும் இதற்கு விளம்பரம் காண்கிறோம். 'மைக்ரோபிளேடிங்' என்றும் 'லிப் பிளஷ்' என்றும் பெயர் சொல்கிறார்கள். இது பச்சை குத்துவதில் சேருமா, குத்திக் கொண்டால் ஒளு கூடுமா, தொழுகை கூடுமா என்று நம் தாய்மார்களும் பெண்மக்களும் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் வேலை இன்னதென்று தெரிந்து கொள்வோம். மயக்கக் களிம்பு தடவி, மெல்லிய ஊசிகளாலோ ஊசிகளை வரிசையாகப் பதித்த சிறு கத்தியாலோ தோலைக் கீறி, அந்தக் கீறலுக்குள் சாயத்தைச் செலுத்துகிறார்கள். இரும்பு ஆக்சைடு, கரித்தூள் முதலியவற்றால் ஆன சாயம் அது. ஒன்றிரண்டு வருடங்களில் மங்கிவிடும் என்பதால், "இது பச்சை அல்ல, தோலின் மேற்பூச்சுதான்" என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தப் பேச்சில் மயங்கத் தேவையில்லை. நம் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. சாயம் மேல்தோலில் மட்டும் நின்றிருந்தால் அடுத்த மாதமே அது காணாமல் போயிருக்க வேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் நிற்கிறது என்றால் அது அடித்தோலுக்குள் இறங்கியிருக்கிறது என்றே பொருள். குறத்தி குத்திய பச்சையும் தங்கியது அதே இடத்தில்தான். ஆழம் சற்றுக் குறைவு, சாயம் சற்று வேறு, கூலி மட்டும் பல மடங்கு!

உதட்டில் குத்துவதும் புதுமையன்று. பச்சை என்பதற்கு விளக்கம் சொன்ன இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், கையின் மேற்புறம், மணிக்கட்டு ஆகியவற்றோடு உதட்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஊசியால் குத்தி, இரத்தம் கசிந்த பின் அந்த இடத்தைச் சுர்மா போன்றவற்றால் நிரப்புவது என்பது அவர்கள் தரும் விளக்கம். எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வருணனையைப் படித்துவிட்டு இன்றைய அழகு நிலையத்தின் நாற்காலியைப் பார்த்தால், மின்விளக்கையும் கையுறையையும் தவிர அதிக வித்தியாசம் தெரியவில்லை.

இது சம்பந்தமான ஹதீஸ் நம் வீடுகளில் ஓரளவு தெரிந்ததே. பச்சை குத்துகிறவள், குத்திக் கொள்கிறவள், புருவ முடியை எடுக்கிறவள், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்கிறவள் ஆகியோர் மீது சாபம் உரைக்கப்பட்டுள்ளது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வந்து, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. ஆனால் அதைத் தொடர்ந்து நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. பனூ அஸத் கூட்டத்தைச் சேர்ந்த உம்மு யஃகூப் என்ற பெண்மணி இதைக் கேள்விப்பட்டு நேரே அவர்களிடம் வந்தார். குர்ஆனை முழுவதும் ஓதியவர் அவர். இது அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரசூல் (ஸல்) அவர்கள் கொடுத்ததை எடுத்துக் கொள்ளவும் தடுத்ததை விட்டு விலகவும் சொல்லும் ஆயத்தை அந்த ஸஹாபி சுட்டிக் காட்டினார்கள். அம்மையார் அதோடு விட்டாரா? உங்கள் வீட்டுப் பெண்ணே இதைச் செய்வதாக எண்ணுகிறேன் என்றார்! போய்ப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று விடை வந்தது. அவரும் உள்ளே போய்ப் பார்த்தார். அப்படி எதுவும் காணவில்லை.

கேள்வி கேட்ட பெண்ணை அடக்காமல் தம் வீட்டுக் கதவையே திறந்துவிட்ட அந்த ஸஹாபியை எண்ணிப் பார்க்கிறோம். அதே ஹதீஸில் புருவ முடி எடுப்பதும் வருகிறதே! எந்த அளவு எடுப்பது தடை, கணவனுடைய சம்மதத்தோடு கூடுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நூல் போட்டுப் புருவத்தை வில்லாக்கிக் கொள்கிறவர்கள், ஊசி குத்திக் கொண்ட எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்து "சபிக்கப்பட்டவள்" என்று பேசுவதைத்தான் சொல்கிறோம். தம் வீட்டுக்குள் வந்து பார்க்கச் சொல்லும் துணிவு அவர்களுக்கு வருமா?

இனி, விஷயத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். எல்லாப் பெண்களும் அலங்காரத்துக்காகவே ஊசி முன் உட்காருவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் சமுதாயத்துப் பெண்களும் எத்தனையோ ஊர்களிலிருந்து வருகிறார்கள். கீமோதெரபி மருந்துகளில் பல, தலைமுடியோடு புருவத்தையும் உதிர்த்துவிடுகின்றன. தலையை முக்காடு மறைத்துவிடும். புருவமில்லாத முகத்தை எது மறைக்கும்? கண்ணாடியில் தன் முகமே அந்நியமாகத் தெரிகிறதென்று அழும் பெண்ணிடம், படைப்பை மாற்றாதே என்று சொன்னால் அவள் திருப்பிக் கேட்பாள்: "மாற்றியது நானா, நோயா?" வெண்புள்ளியால் உதட்டின் நிறம் போனவர்கள், வட்ட வட்டமாக முடி கொட்டும் நோயில் புருவத்தை இழந்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள் ஆகியோரின் கேள்வியும் அதுவே.

ஹதீஸ்கள் இதற்கு இரு திசையில் பேசுவது போல் தோன்றும். அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு முந்திய குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியால் செய்து பொருத்திய மூக்கு நாற்றம் எடுத்ததால், தங்கத்தால் செய்து கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்றிருக்க, இழந்த உறுப்புக்காக அது தளர்த்தப்பட்டது. மறுபுறம், புதிதாக மணமான பெண் ஒருத்திக்கு நோயால் முடி கொட்டிவிட, ஒட்டுமுடி வைக்கலாமா என்று அவளுடைய தாய் வந்து கேட்டபோது அனுமதி கிடைக்கவில்லை. நோயும் உண்மை, தாயின் வேதனையும் உண்மை, ஆயினும் கிடைக்கவில்லை. இந்தச் செய்தியை ஒளித்துவிட்டு அர்ஃபஜாவின் மூக்கை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

ஒட்டுமுடி பிறருடைய முடியைத் தன்னுடையது போல் காட்டி ஏமாற்றுவது, மூக்கு சிதைந்த உருவைச் சீர்செய்வது என்று இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆலிம்கள் உண்டு. பச்சையைப் பொறுத்தவரை நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு சான்றும் இருக்கிறது. முன் சொன்ன ஹதீஸில் "அழகுக்காக" என்ற சொல் வருகிறது. அபூதாவூதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பிலோ, பச்சை குத்திக் கொள்கிறவளைச் சொல்லும்போது நோய் எதுவுமின்றி என்ற நிபந்தனை சேர்ந்திருக்கிறது. 2007-ல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் இதே பாதையில் பிரித்துப் பேசியது. பிறவிக் குறையையும் நோயாலோ விபத்தாலோ வந்த சிதைவையும் சரிசெய்து இயல்பான உருவுக்குக் கொண்டுவரும் சிகிச்சை கூடும். இயல்பான உருவை ஆசைக்காக மாற்றுவது கூடாது. எங்கள் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது.

அப்படியானால் எல்லாமே "குறை" என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. யார் வாயில் பிறக்கும் சொல் அது? பெண் பார்க்கப் போன வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, "பெண் நல்ல பெண்தான், புருவம் கொஞ்சம் சன்னம், உதடும் கறுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோமே, அந்தப் பெண்ணுக்கு அதுவரை எந்தக் குறையும் இருந்ததில்லை. அன்று மாலைதான் அது உண்டாயிற்று. அதை உண்டாக்கிய நாவுக்கு எந்த மருத்துவரும் சான்றிதழ் தரவில்லை. அழகிய அமைப்பில் மனிதனைப் படைத்ததாக அல்லாஹ் சொல்லியிருக்க, மாமியாராகப் போகிறவர் அதில் திருத்தம் எழுதுகிறார். பிறகு அந்தப் பெண் நிக்காஹுக்கு முன் ஊசி குத்திக் கொண்டால், சாபத்தை அவள் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு நாம் வலீமாச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறோம்.

உண்மையான நோய்க்குறையானால், முதலில் அவசரப்படாதிருக்க வேண்டும். கீமோவால் போன புருவம் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் தானே முளைத்துவிடும். அதுவரை புருவப் பென்சில் போதும்; ஒளுவுக்கு முன் கழுவிவிடலாம். சிகிச்சை நடக்கும் காலத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் தோலைக் கீறுவது கிருமிக்குக் கதவைத் திறந்து விடுவதாகும். வெண்புள்ளிக்காரர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நோய் பரவாமல் நின்று குறைந்தது ஒரு வருடமாவது ஆகாதவர்களுக்கு, ஊசி பட்ட இடத்திலேயே புதிய புள்ளி தோன்றக்கூடும். ஆகவே அழகு நிலையத்தை விட்டுத் தோல் மருத்துவரிடமே போக வேண்டும். சர்க்கரை வியாதி, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, இரத்தத்தை இளக்கும் மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை ஆகிய எதையும் மறைக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும்; எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவும் கூடாது. எப்போதாவது உதட்டில் காய்ச்சல் கொப்புளம் வந்தவர்களுக்கு ஊசிக்குப் பின் அது திரும்பக் கிளம்புவதுண்டு. முன்கூட்டியே மருந்து தருவார்கள். ஊசி உறையைக் கண் முன்னே பிரிக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். மஞ்சள் காமாலைக் கிருமி பழைய ஊசியில் ஏறி வரும்.

ஆறும் காலத்தில்தான் மார்க்கக் கேள்விகள் நெருக்கமாக வருகின்றன. புருவத்தில் பொருக்கு கட்டி உதிர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். உதடு இரண்டு மூன்று நாள் வீங்கி, பின் உரியும். நிறம் முழுதாக அமைய ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். இந்த ஒரு வாரம் முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒரு வாரம் என்றால் 35 வேளைத் தொழுகை! ஒளுவில் முகம் கழுவுவது பர்ளு. புருவமும், வாயை மூடினால் வெளியே தெரியும் உதடும் முகத்தைச் சேர்ந்தவை. மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டால், ஊறவைப்பதும் தேய்ப்பதும் சோப்புப் போடுவதும்தான் கெடுதல், சுத்தமான நீர் மெல்ல ஓடினால் பாதகமில்லை என்று பலமுறை விடை கிடைக்கும். அப்படியானால் லாரித் தண்ணீரை விட்டு, காய்ச்சி ஆறிய நீரை ஒரே ஒரு முறை ஓடவிட்டு ஒற்றியெடுத்தால் பர்ளு நிறைவேறிவிடும். மூன்று முறை கழுவுவது சுன்னத்துதான். பொருக்கின் மேல் நீர் ஓடினாலே போதும், அதைப் பெயர்க்க வேண்டியதில்லை. நீரே ஆகாது என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், ஹனபி மத்ஹபில் ஈரக்கையால் அந்த இடத்தை மஸஹ் செய்யலாம், அதுவும் கெடுதலானால் விட்டுவிடலாம். ஷாபிஈ மத்ஹபில் மற்ற இடங்களைக் கழுவி, புண்ணுக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். ஹைளு தொடங்கும் நாளில் சிகிச்சை வைத்துக் கொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பகுதி எழாது. அந்நாட்களில் வலி கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவே. ரமலான் பகலில் உதட்டில் கைவைக்க வேண்டாம். கசியும் இரத்தமோ களிம்போ தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு போய்விடும்.

நோய்க்காரருக்கு உள்ள இந்தச் சலுகை, அலங்காரத்துக்காகத் தானே புண்ணை உண்டாக்கிக் கொண்டவருக்கும் உண்டா? பாவத்தோடு சலுகை பிணைக்கப்படாது என்ற விதி ஷாபிஈ நூல்களில் இருக்கிறது. ஹனபி இமாம்கள் அதில் வேறு கருத்துள்ளவர்கள். எந்த மத்ஹபிலும் புண்ணைக் காரணம் காட்டித் தொழுகையை விட்டுவிட முடியாது. நிக்காஹுக்கு முந்திய வாரம் முழுவதும், புருவம் கலைந்துவிடும் என்று தொழாமல் இருக்கும் மணப்பெண்ணின் விஷயத்தில், சாயத்தை விட இதுவே பெரிய நஷ்டம்.

அறியாமலோ, வற்புறுத்தலாலோ ஏற்கனவே செய்து கொண்டவர்கள் பலர். தொழுகையே கூடாது என்று சொல்லி அவர்களை முஸல்லாவை விட்டு விரட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. நகப்பூச்சைப் போல நீரைத் தடுக்கும் படலம் அன்று இது. சாயம் தோலுக்கு அடியில் இருக்கிறது, நீர் தோலைத் தொடுகிறது. இரத்தத்தோடு கலந்த சாயமாதலால் அந்த இடம் நஜீஸ் என்று ஷாபிஈ நூல்கள் சொல்வதும், தீங்கின்றி அகற்ற முடிந்தால் அகற்ற வேண்டும் என்பதும் உண்மை. தீங்கு நேருமென்று அஞ்சினால் தவ்பாவே போதும் என்பதையும் அதே நூல்கள் சொல்கின்றன. லேசர் ஒளியால் அழிக்கலாம் என்பார்கள். ஆனால் இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் கலந்த சாயம் அந்த ஒளி பட்டதும் சில சமயம் கருத்துவிடும். உதட்டின் இளஞ்சிவப்பு கரியாகிவிடும். மருத்துவர் ஆபத்து என்றால் முகத்தைப் பாழாக்கிக் கொள்ள வேண்டியதில்லை.

மையித்தைக் குளிப்பாட்டும் நம் பெண்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுண்டு. இறந்தவளின் புருவத்தில் சாயம் தெரிந்தால் அதைச் சுரண்ட வேண்டுமா என்பது அது. வேண்டாம். மேலே நீரை ஓடவிட்டுக் குளிப்பாட்டிக் கபனிட வேண்டியதுதான். பார்த்ததை வெளியே வந்து யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.