சாட்சியும் சத்தியமும்

நேரிற்கண்ட இருவர் முரண்படக் கூறுமிடத்து எதனை மெய்யெனக் கொள்வது என்னும் வினா, தர்க்க சாஸ்திரிகளுக்கு மட்டுமன்றி நீதிபதிகளுக்கும் உரியதாகும். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 4, 5 தேதிகளில் குரோவேஷியச் சேனை க்னின் நகரைப் பீரங்கிகொண்டு தாக்கியபொழுது, குண்டுகள் ஊரெங்கும் கண்டபடி விழுந்தன என்று சிலரும், ராணுவ நிலைகளைச் சுற்றியே விழுந்தன என்று சிலரும் பின்னாளில் ஹேக் நகரில் முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் சாட்சியம் அளித்தனர். ராணுவ இலக்கிற்கு 200 மீட்டருக்குள் விழுந்தவையே அதனை நோக்கி ஏவப்பட்டவை என்னும் அளவுகோலை முக்கியமாகக் கொண்டு, 2011இல் அச்சேனையின் தளபதி கோடொவினாவுக்கு 24 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வளவுகோல் ஆதாரமற்றது என்று கண்ட மேல்முறையீட்டு மன்றம், 2012இல் மூவர் இசைய இருவர் மறுக்க, அவரை விடுதலை செய்தது.

உள்ளதை உள்ளபடி அறிந்து, அறிந்தவாறே உரைக்க விரும்புபவனே ஆப்தன், அதாவது நம்பத்தக்க சாட்சி, என்பது தர்க்கம் பேசும் நியாய தரிசனத்தின் கொள்கை. இக்கொள்கைகொண்டு அச்சாட்சிகளை நோக்குவோம். நிலவறையில் பதுங்கியிருந்தவன் ஓசையை அறிவான், குண்டு விழுந்த இடத்தை அறியான். பள்ளத்தை அளந்தவன் இடத்தை அறிவான், ஏவியவனின் எண்ணத்தை அறியான். எண்ணமோ எவர் கண்ணுக்கும் புலப்படாமல் அனுமானத்தாலேயே பெறப்படுவது. அனுமானத்திற்கோ, புகைக்கு நெருப்புப்போல, வியாப்தி எனப்படும் தவறாத உடனிகழ்ச்சி வேண்டும். 200 மீட்டர் என்னும் எல்லைக்கு அத்தகைய வியாப்தி காட்டப்படவில்லை. ஆகவே, ஒவ்வொரு சாட்சியையும் அவனவன் அறிவின் எல்லைவரை நம்புவதும், அதற்கப்பால் ஐயம் எழுமாயின் அதன் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அளிப்பதுமே தர்மம். அவ்வாறு அளிப்பது, துன்புற்றவனைப் பொய்யன் என்பதாகாது.