பின்னால் நடத்தல்

சம்பா அறுவடை முடிந்து அரிதாள் காயும் நாட்களில் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் என்னும் ஆட்டிடையர்கள் செம்மறி மந்தைகளோடு தஞ்சைப் பக்கம் இறங்குகிறார்கள். பகலெல்லாம் அறுத்த வயலிலும் வரப்பிலும் மேய்ச்சல். பொழுது சாய்ந்தால் கேட்டவர் வயலில் கிடை. சுற்றிலும் வலை கட்டி ஆடுகளை உள்ளே அமர்த்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் இரவு முழுக்க மண்ணில் இறங்கும். மறுநாள் வலை சற்றுத் தள்ளி விரியும். வயல் முழுவதும் எரு விழுந்தபின் அடுத்த வயல். நடக்க மாட்டாத இளங்குட்டிகளைக் கூட்டுக்குள் விட்டு மூடி, தாய் மேய்ந்து திரும்பும்வரை ஒருவர் காவலிருப்பார்.

மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அதே வயலில் ஆட்டுக்கு இடமில்லை. சேற்றில் நின்றால் குளம்பு அழுகும். கீதாரி கோபப்படுவதில்லை, மேட்டு நிலம் பார்த்துக் கிளம்பிவிடுகிறார். புல் தீர்ந்த வறண்ட சீமையில் தொரட்டியால் கருவேல மரத்தை உலுக்கி, உதிரும் நெற்றைத் தீனியாக்குகிறார். நெல் விளையும் மண்ணில் ஒரு பிழைப்பு, முள் விளையும் மண்ணில் வேறொரு பிழைப்பு. எந்த மண்ணையும் தன் விருப்பத்துக்கு வளைப்பதில்லை. அந்தந்த நிலம் தருவதை வாங்கிக்கொண்டு, போகும்போது அதை வளமாக்கிவிட்டுப் போகிறார். இதைத் தவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நாமோ இறைவனிடம் கையேந்தும்போதே எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிடுகிறோம்.

திருமூலர் கதை நினைவுக்கு வருகிறது. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறின. கயிலையிலிருந்து பொதிகை நோக்கிப் போய்க்கொண்டிருந்த யோகியார் அந்தத் துயரம் பொறாமல் மூலனின் உடலில் புகுந்து திருமூலர் ஆனார் என்கிறது பெரிய புராணம். மாலையில் பசுக்கள் தாமாகவே ஊர் திரும்பின. அவர் அவற்றின் பின்னே நடந்தார். சித்திகள் கைவந்தவர் அன்று செய்த காரியம் அவ்வளவுதான். அருள் என்பதை நான் அந்த நடையில்தான் காண்கிறேன். முன்னால் நின்று ஓட்டாமல், வாயில்லா ஜீவனின் கால் போகும் வேகத்துக்குத் தன் காலை இசைவித்த நடை அது.

தை, மாசியில் டெல்டா சாலைகளில் செல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மந்தை குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, கடைசிக் குட்டி கடக்கும்வரை காத்திருங்கள்.