துணைப்பாடம் யாருக்குத் துணை?

புதுச்சேரிக்கு அருகிலுள்ள பாகூரில் 9ஆம் நூற்றாண்டில் வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடம் ஒன்று இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் அதற்குக் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அக்கால வைதிக மரபில் வித்தைகள் 14: நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம். இவற்றில் அங்கங்கள் ஆறும் துணைக்கல்வி. வேதத்தைப் பிழையற ஓத இலக்கணம், வேள்விக்கு நாள் குறிக்கச் சோதிடம், சடங்கை முறைப்படுத்தக் கற்பம்.

ஒரு கல்வி இன்னொன்றின் தேவைக்காக மட்டுமே இருக்க முடியுமா என்பது இங்கேயே எழும் கேள்வி. கற்பத்தைச் சேர்ந்த சுல்ப சூத்திரங்களில் விடை இருக்கிறது. சதுரமான வேள்வி மேடையை, வடிவம் கெடாமல், இருமடங்கு பரப்புள்ளதாக்க வேண்டும். பக்கத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பழைய சதுரத்தின் மூலைவிட்டத்தைக் கயிற்றால் அளந்து அதையே புதிய பக்கமாக வைத்தால் அளவு சரியாக அமையும். அந்தச் சூத்திர ஆசிரியர்களில் ஒருவரான பௌதாயனர் இதை வேள்விக்காகவே சொன்னார். ஆனால் வேள்வியில் நம்பிக்கையே இல்லாதவருக்கும் அது உண்மைதான். துணையாக வந்த கல்வி, தன்னை அழைத்தவரின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

இன்றைய கல்லூரியில் இதே கேள்வி மைனர் எனப்படும் துணைப்பாடமாக வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கான 120 கிரெடிட்டில் 24 மைனருக்கு உரியவை. கணித மாணவர் அறிமுக உயிரியலை எடுக்கலாம்; விலங்கியல் மாணவர் கணிதத்தை எடுக்கலாம். இதை மதிப்பெண் சேர்க்கும் வழியாக மட்டும் பார்ப்பது பெரிய இழப்பு.

இவ்விரு துறைகளும் கைகோத்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓங்கு பண்பு காலப்போக்கில் எல்லோரிடமும் பரவிவிடாதா என்ற ஐயம் 1908இல் மரபியலாளரிடையே எழுந்தது. உயிரியலாளர் பன்னெட் அதைக் கணித மேதை ஹார்டியிடம் கொண்டுபோனார். அவர் தந்த விடைக்குப் பள்ளி மாணவர் அறிந்த ஈருறுப்பு விரிவே போதும்: தற்செயல் இனக்கலப்பில், தேர்வோ இடப்பெயர்வோ புதிய மாற்றமோ குறுக்கிடாத பெரிய கூட்டத்தில், மரபணு வடிவங்களின் (அல்லீல்களின்) விகிதம் மாறாது. 10,000 பேரில் ஒருவரிடம் ஒடுங்கு பண்பு வெளிப்பட்டால், அதற்குரிய அல்லீலின் பங்கு நூற்றில் ஒன்று. அதை வெளியே தெரியாமல் தாங்குவோர் 198 பேர். எந்த நுண்ணோக்கியும் காட்டாத அந்த 198 பேரைக் கணக்கு காட்டிவிடுகிறது.

துணைப்பாடத்துக்கு எதிரான வாதமும் வலுவானது. ஹார்டி பின்னாளில் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ராமானுஜன், அதற்கு முன் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். கணிதத்தில் ஒப்பற்றவராக இருந்தும் உடலியல் முதலிய பாடங்களில் தவறி, பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை; பட்டப்படிப்பின் கதவு மூடிவிட்டது. இதனால் உடலியல் கணிதம் படிப்பவருக்கு வேண்டாத பாடம் என்று ஆகிவிடாது. ஒரு துறையில் தவறியதற்காக இன்னொரு துறையின் வாசலை அடைத்ததுதான் அநீதி. மனப்பாடம் செய்யவேண்டிய பெயர்ப்பட்டியலாக அல்லாமல், பன்னெட் கொண்டுபோனது போன்ற விடை தெரியாத கேள்வியாக உயிரியல் வந்திருந்தால், அதே மாணவர் அதை வேறு கண்ணோடு பார்த்திருக்கக்கூடும். அறிமுக வகுப்பின் முதல் வாரத்திலேயே அப்படியொரு கேள்வியை வைப்பது பாடத்திட்டம் வகுப்போரின் கையில்தான் இருக்கிறது.