அச்சம் ஒரு விளையாட்டா?

பொய்யென்று தெரிந்தே பார்க்கும் ஒரு காட்சி, பார்ப்பவனின் உள்ளத்தில் மெய்யான மாற்றம் எதையேனும் உண்டாக்குமா? ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் அறை எடுத்துத் தங்கி, இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் நம் வாலிபர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். விடுமுறைக்கு முந்திய இரவுகளில் இவர்கள் ஒன்றுகூடிப் பழைய இத்தாலியக் கொலைப் படங்களைப் பார்ப்பது வழக்கமாம். "ஹஜ்ரத், அதில் ஓடுவது ரத்தமல்ல, சிவப்புச் சாயம். யாருக்கும் தீங்கில்லை. இதில் என்ன குற்றம்?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுவது அதற்குப் பதிலாகாது.

இப்படங்களுக்கு இத்தாலியில் 'ஜாலோ' என்று பெயர். மஞ்சள் என்பது அதன் பொருள். 1929 முதல் மொண்டடோரி என்ற பதிப்பகம் மஞ்சள் அட்டையுடன் வெளியிட்டு வந்த துப்பறியும் நாவல்களிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழகத்துக்கும் இவ்வகைக் கதை புதிதன்று. 1984-ல் மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்', 1977-ல் லூசியோ புல்சி எடுத்த இத்தாலியப் படத்தின் கதையைத் தழுவியது. சென்னையில் பலரைக் கொன்ற ஒருவன், அப்படத்தைப் பார்த்தே தனக்குத் துணிவு வந்ததாகச் சொன்னான் என்ற செய்தி அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது.

இதைக் காட்டி, "படம் பார்த்தால் நீயும் கொலைகாரனாவாய்" என்று எச்சரிப்பவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. அதே படத்தைப் பார்த்த மற்ற ஜனங்கள் கத்தியைத் தூக்கவில்லை. தன் பாவச் சுமையை ஒரு படச்சுருளின் தலையில் ஏற்றிவிட்டு மறுமையில் எவனும் தப்பவும் முடியாது. ஆகவே நம் வாலிபர்கள் கொலை செய்துவிடுவார்கள் என்று நான் அஞ்சவில்லை. என் அச்சம் வேறு.

இப்படங்களில் கேமரா பெரும்பாலும் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அது கொலையாளியின் கண்ணாக நிற்கிறது. கதவிடுக்கில் மறைந்து நோக்குவதும், தனியே நடக்கும் பெண்ணைப் பின்தொடர்வதும் பார்ப்பவனின் பார்வையாகவே ஆகிவிடுகின்றன. தாரியோ அர்ஜென்டோ 1975-ல் எடுத்த படமொன்றில், கறுப்புக் கையுறை அணிந்த கொலையாளியின் கைகளாகத் திரையில் தோன்றுபவை அந்த இயக்குநரின் கைகளே. கையை அவர் கொடுத்தார். கண்ணை நாம் கொடுக்கிறோம். செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் கேள்வி உண்டு என்று திருமறை எச்சரிப்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

கொலையைச் சொல்வதே தவறா? இல்லை. ஆதம் (அலை) அவர்களின் மக்கள் இருவரின் கதையைத் திருக்குர்ஆனே சொல்கிறது. ஆனால் கொன்ற செயலை அது ஒரு சொல்லில் கடந்துவிடுகிறது. கொல்லப்பட்டவரின் இறையச்சத்தையும், உடலை மறைக்க வழி தெரியாமல் ஒரு காகத்திடம் பாடம் கற்ற கொலையாளியின் வருத்தத்தையுமே விரித்துரைக்கிறது. அங்கே கேட்பவனின் நெஞ்சு கொல்லப்பட்டவரின் பக்கம் நிற்கிறது.

இன்னொன்று. ஒரு பிரயாணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றைச் சிலர் எடுத்துவிட, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது கண்டித்தார்கள். "அங்கே பயந்தவர் மெய்யான மனிதர். இங்கே நாங்கள் விரும்பித்தானே பயப்படுகிறோம்?" என்று கேட்கலாம். சரி, அறையிலுள்ள எல்லோருமா விரும்புகிறார்கள்? சொந்த வீட்டில் அகால மரணத்தைக் கண்ட ஒருவன் அக்கூட்டத்தில் இருக்கலாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'கோழை' என்று கேலி செய்கிறோம். திரையில் ஒரு பெண் அலறும்போது தனியாக இருந்தால் பரிதாபப்படும் மனம், நண்பர்கள் நடுவில் சிரிக்கிறது. இரக்கப்படுவதற்கே வெட்கப்படும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்காமல் செல்போனில் படமெடுப்பவர்களும் ஒரே நாளில் அப்படி ஆனவர்களல்லர்.

வாலிபர்களே! பன்னிரண்டு மணி நேர உழைப்புக்குப் பின் நண்பர்களோடு சிரித்திருக்க விரும்பும் உங்கள் மனதை நான் குறை கூறவில்லை. வீட்டை விட்டு வந்தவர்களுக்குத் தோழமை ஒரு நிஃமத். ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அடுத்த முறை ஒருவன் முகத்தைத் திருப்பினால் அவனைக் கேலி செய்யாமல் படத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்த மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் உள்ளம் இன்னும் மென்மையாகவே இருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ். வரவில்லையென்றால், 'யாருக்குத் தீங்கு?' என்ற உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

நம் பார்வையையும் இதயத்தையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.