கூரையில்லாத சந்நிதி

படிப்பை முடித்த மகளை வேலைக்காகப் புது ஊருக்கு அனுப்பிவிட்டு, ‘சாப்பிட்டாளோ, தூங்கினாளோ’ என்று தவிக்கும் தாய்மார்களே! ஒருமுறை நாமக்கல் சென்று வாருங்கள்.

மலையடிவாரத்தில், பாறையைக் குடைந்த கருவறையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். அவரை நோக்கியபடி 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் மேல்தான். ஆனாலும் அவருக்குக் குறையேதும் இல்லை. பார்வை ஸ்வாமியிடம் இருக்கிறதே! அது போதும், நிற்கும் இடமே அவருக்கு வீடு.

நரசிம்மர் கோயிலில் அருளும் நாமகிரித் தாயார், கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம். மகன் கடல்கடந்து போக அன்னை கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. குறுக்கே நிற்க வேண்டாமென்று தாயார் கனவில் உணர்த்திய பிறகே விடைகொடுத்தார் என்பார்கள். 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார் ராமானுஜன். அங்கே குளிரும் தனிமையும் வாட்டின. தன் கையாலேயே சமைத்துச் சாப்பிட்டார். கணக்கு தந்த ஆனந்தம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு பிடிப்பு வேண்டும். அறையில் சின்னதாக ஒரு ஸ்வாமி படம், வேலைக்குப் போகும்போது தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, பூக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை. தினமும் இவை போதும். புது ஊர் சொந்த ஊராகிவிடும்.

இன்றிரவு போனில், ‘சாப்பிட்டாயா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இன்று எதற்குச் சிரித்தாய் கண்ணே?’ என்றும் கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, உங்கள் கவலையும் கரையும். ஆஞ்சநேயர் துணையிருப்பார்!