திரும்பி வந்த பிள்ளை

ஒரு குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த குழந்தைக்குப் பெயர் வைப்பது லேசான காரியம் இல்லை. 1875 டிசம்பர் 4 அன்று பிராக் நகரில், ஜெர்மன் பேசும் ஒரு குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு முன்பு பிறந்த பெண் குழந்தை சில நாட்களிலேயே போய்விட்டிருந்தது. தாய் சோஃபிக்குப் பெரிய இடத்துப் பழக்கவழக்கங்கள் மீது ஒரு மோகம் உண்டு. பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பெயராகப் பார்த்து வைத்தார்: ரெனே. மறுபடி பிறந்தவன் என்று அர்த்தம்.

பெயரோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஐந்தாறு வயது வரை பையனுக்குக் கவுன் மாட்டி, தலைமுடியை நீளமாக விட்டு, கையில் பொம்மையைக் கொடுத்து வளர்த்தார். அம்மா தன்னையே ஒரு பெரிய பொம்மையாக வைத்து விளையாடினாள் என்று அவன் வளர்ந்த பிறகு நினைவுகூர்ந்திருக்கிறான். பத்து வயதில் திடீரென்று ராணுவப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்பா ராணுவ அதிகாரியாக ஆசைப்பட்டு, முடியாமல், ரயில்வே உத்தியோகத்தில் ஒதுங்கியவர். கவுனைக் கழற்றியதும் சீருடை காத்திருந்தது. அம்மாவுக்குப் போன பெண்ணையும் அப்பாவுக்குப் போன பதவியையும் அந்த ஒரு பையனே மீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் கவிஞர் ரில்கே என்று உலகம் அறிந்தது அவனைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் மூத்தவன் போன பிறகு பிறந்தவனுக்கு அவன் பெயரையே வைத்தார்கள். பையன் நல்ல மார்க் வாங்கினால், "அவன் இருந்தாலும் இப்படித்தான் வாங்கியிருப்பான்" என்பார்கள். சேட்டை செய்தால், "அவனா இருந்தா இப்படியா பண்ணுவான்?" என்பார்கள். கைக்குழந்தையாகப் போனவன் எப்படி இருந்திருப்பான் என்று யாருக்குத் தெரியும்? இறந்தவன் தப்பே செய்வதில்லை. அவனோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். மறுபடி பிறப்பது என்றால் போனவர் திரும்பி வருவதா, இருப்பவர் புதிதாகத் தொடங்குவதா?

ரெனே என்ற பெயருக்குள் இந்த இரண்டும் கலந்தே கிடக்கின்றன. ரெனாத்துஸ் என்ற லத்தீன் பெயரின் பிரெஞ்சு வடிவம் அது. ஆதிக் கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானத்தை இரண்டாவது பிறப்பாகக் கருதினார்கள். தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறவன் பழைய ஆள் இல்லை என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் இது. உயிரோடு இருப்பவன் தன் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்குவதைத்தான் அது முதலில் குறித்தது.

மேற்கு பிரான்சில் உள்ள ஆன்ஜே நகரத்துக் கதை ஒன்று அந்த அர்த்தத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. மோரில் என்ற ஆயர் பூசை செய்துகொண்டிருக்கிறார். சாகக் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஓடி வருகிறாள். பூசையை முடித்துவிட்டு வருவதற்குள் பிள்ளை இறந்துவிடுகிறது. தன்னால்தான் அந்த உயிர் அருட்சாதனம் பெறாமல் போயிற்று என்று ஆயர் பதவியை உதறிவிட்டுக் கடல் தாண்டிப் போய்விடுகிறார். போகும் வழியில் கோயில் சாவி கடலில் விழுந்துவிடுகிறது. அக்கரையில் ஒரு பிரபுவின் தோட்டத்தில் மண் வெட்டிப் பிழைக்கிறார். ஏழு ஆண்டுகள் கழித்து ஊர்க்காரர்கள் அவரைத் தேடிக் கிளம்ப, நடுக்கடலில் ஒரு மீனின் வயிற்றில் அந்தச் சாவி கிடைக்கிறது. ஆளும் கிடைக்கிறார். ஊர் திரும்பி, பிள்ளையின் சமாதியில் அவர் வேண்டிக்கொள்ள, பிள்ளை எழுந்து வருகிறான். அவனுக்கு ரெனே என்று பெயர் வைக்கிறார்கள். அவனே பிறகு ஆயராகிறான்.

இந்த ரெனே உண்மையில் இருந்தாரா என்றே வரலாற்று ஆசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். எனக்கோ கதையில் பிள்ளை எழுந்து வந்ததைவிட, ஆயர் மண்வெட்டி பிடித்த ஏழு ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அங்கே உண்மையில் மறுபடி பிறந்தவர் அவர்தான். பிள்ளைக்கு நடந்தது அற்புதம். அற்புதம் நம் கையில் இல்லை. செய்த தவறை நினைத்துத் தோட்டத்தில் இறங்கி வேலை செய்வது யாராலும் முடியும். ஆனால் ஊர் பெயர் சூட்டியது பிள்ளைக்கு. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் ரெனே என்ற பெயர் பெருகியது. ஆன்ஜே கோட்டையில் 1409இல் பிறந்த ரெனே பிரபு நேப்பிள்ஸ் ராஜ்யத்துக்கு வாரிசாகி, 1442இல் அதை இழந்து, கடைசிக் காலத்தைப் புத்தகம், ஓவியம் என்று புரொவான்சில் கழித்தார். நல்ல ராஜா ரெனே என்று மக்கள் இன்றும் சொல்வது அவரைத்தான்.

புதிதாகத் தொடங்குவது என்ற எண்ணத்தை ஒரு வழிமுறையாகவே ஆக்கியவர் இன்னொரு ரெனே. 1596 மார்ச் 31 அன்று லா ஏ என்ற சிற்றூரில் பிறந்த தத்துவ அறிஞர் ரெனே டெகார்ட். ஞானத்தந்தையிடமிருந்து வந்த பெயர். மறு ஆண்டே அடுத்த பிரசவத்தை ஒட்டி அவர் தாய் இறந்துபோனார். டெகார்ட்டோ தன்னைப் பெற்ற சில நாட்களில் தாய் இறந்ததாகவே நம்பிக்கொண்டிருந்தார். 1645இல், தன்னோடு கடிதத் தொடர்பில் இருந்த இளவரசி எலிசபெத்துக்கு எழுதிய கடிதத்தில் அப்படித்தான் சொல்கிறார். அம்மாவிடமிருந்து தனக்கு வறட்டு இருமலும் வெளிறிய நிறமும் வந்ததாகவும், இருபது வயது தாண்டியும் அது விடவில்லை என்றும், பார்த்த டாக்டர்கள் எல்லாம் இவன் தங்க மாட்டான் என்று கைவிரித்தார்கள் என்றும் எழுதுகிறார். ஐம்பதை நெருங்கும் வயதில், உலகமே தெரிந்த அறிஞர், தான் பிறந்த கதையை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்.

அறிந்ததையெல்லாம் வாழ்நாளில் ஒரு தடவையாவது சந்தேகித்து, அடித்தளத்திலிருந்து மறுபடி கட்ட வேண்டும் என்று சொன்னவரும் அதே மனிதர்தான். இதைப் படித்துவிட்டு, பழையதையெல்லாம் துடைத்தெறிந்தால்தான் புது வாழ்க்கை என்று முடிவுகட்டுபவர்கள் அவர் 1637இல் வெளியிட்ட நூலில் சேர்த்து வைத்த ஒரு எச்சரிக்கையைப் பார்ப்பதில்லை. வீட்டை இடித்துக் கட்டுகிறவன் அதுவரை குடியிருக்க வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கிறார். அதற்காகத் தற்காலிக நெறிகள் சிலவற்றை வகுத்துக்கொண்டார். நாட்டின் சட்டத்தையும் வழக்கத்தையும் மதிப்பது, தான் வளர்ந்த மதத்தை விடாதிருப்பது, ஒரு முடிவை எடுத்த பிறகு தடுமாறாமல் நடப்பது, உலகத்தை மாற்றுவதைவிடத் தன் ஆசைகளை வெல்வது. சந்தேகத்தின் ஆசான் என்று பேர் வாங்கியவர், நடைமுறை வாழ்க்கையில் எதையும் தடாலடியாக இடிக்கவில்லை. வேலையை விடுகிறேன், ஊரை விடுகிறேன், நாளையிலிருந்து நான் புது ஆள் என்று கிளம்பிய பலரை நான் பார்த்திருக்கிறேன். குடியிருக்க இடம் பார்க்காமல் வீட்டை இடித்தவர்கள்தான் பெரும்பாலும் பழைய வீட்டை நினைத்து அழுகிறார்கள்.

ரில்கே என்ன செய்தார்? 1897இல் மியூனிக்கில் லூ ஆந்திரேயாஸ் சலோமே என்ற எழுத்தாளரைச் சந்தித்தார். அவரைவிட மூத்தவர், மணமானவர், தத்துவ அறிஞர் நீட்ஷேவே மணக்க விரும்பிய பெண். ரெனே என்ற பெயர் இவருக்குப் பொருந்தவில்லை என்று லூவுக்குத் தோன்றியது. ரைனர் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார். இருபத்தொரு வயது இளைஞன் மாற்றிக்கொண்டான். கையெழுத்தும் அந்தக் காலத்தில் மாறியது. கிறுக்கலாக இருந்த எழுத்து, லூவின் எழுத்தைப் போலவே நிதானமாக, தெளிவாக ஆயிற்று. மறுபடி பிறந்தவன் என்ற பெயரைக் கழற்றி வைத்த பிறகுதான் அந்த மனிதருக்கு மறுபிறப்பு நடந்தது. வேடிக்கைதான். ஆனாலும் அது முழு விடுதலை என்று சொல்லிவிட முடியாது. அம்மா வைத்த பெயரை விட்டவர் காதலி வைத்த பெயரை ஏற்றுக்கொண்டார். நாம் யாரும் நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்வதில்லை. யார் வைப்பது என்பதில் கொஞ்சம் தேர்வு இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெயரும் அவரை முழுசாக விட்டுவிடவில்லை. கடைசி ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தபோது ரில்கே பிரெஞ்சு மொழியில் நூற்றுக்கணக்கில் கவிதை எழுதினார். அந்தக் காலத்தில் அவருக்கு நெருக்கமான ஓவியர் பலாடின் அவரை ரெனே என்றுதான் அழைத்தார். குழந்தைப் பருவத்தில் கழுத்தை நெரித்த பெயர், ஐம்பதை நெருங்கும்போது அன்பாக ஒலித்திருக்கிறது. நடுவில் அதைக் கழற்றி வைக்கும் சுதந்திரம் இருந்ததால்தான் மறுபடி எடுத்துக்கொள்ள முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

மறுபிறப்பு என்பதை எனக்குச் சரியாகக் காட்டியவர்கள் வேறு இருவர். ஒருவர் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த ரெனே லாயெனெக். பிரித்தானி பகுதியில் 1781இல் பிறந்தவர், ஐந்து வயதில் தாயை இழந்தவர். 1816இல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில், இதயக் கோளாறுள்ள ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தை இறுகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் காது வைத்தால் கேட்பதைவிடத் தெளிவாக இதயம் கேட்டது. பிறகு மரத்தைக் கடைந்து குழல்களைத் தானே செய்தார். காசநோயாளிகளின் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து 1819இல் நூலாக எழுதினார். 1826இல், 45 வயதில், அதே காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவருடைய நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர் அவரிடமே பயின்ற உறவுக்காரப் பையன். இன்று உலகில் எந்த டாக்டரின் கழுத்தைப் பார்த்தாலும் லாயெனெக் இருக்கிறார். அவர் நோயிலிருந்து மீளவில்லை. ஆனால் அந்த நோயைக் காது கொடுத்துக் கேட்டார்.

இன்னொருவர் ரெனே கஸேன். சட்டப் பேராசிரியர், யூதர். முதல் உலகப் போரில் 1914இல் வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்தவர். ஊனமுற்ற வீரர்களுக்காகவும் போரில் தந்தையை இழந்த பிள்ளைகளுக்காகவும் சங்கம் அமைத்து உழைத்தார். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் லண்டனில் தளபதி தெகோலோடு சேர்ந்தார். ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரான்சின் விஷி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது, ஆள் இல்லாமலே மரண தண்டனையும் விதித்தது. உறவினர்கள் பலரை நாஜி முகாம்களில் இழந்தார். போருக்குப் பின் மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை உருவாக்கியவர்களில் முதல் வரிசையில் இருந்தார். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் அது நிறைவேறியது. யாருடைய குடியுரிமையையும் தன்னிச்சையாகப் பறிக்கக்கூடாது என்கிறது அதன் 15ஆவது பிரிவு. 1968இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிப் பொறுக்கி எடுத்து அடுக்கினால் பெயரில் ஏதோ சக்தி இருப்பதுபோலத் தோன்றும். அப்படி ஒன்றும் கிடையாது. 1803ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரான்சில் காலண்டர்களில் வழங்கிய பெயர்களையும் பழைய வரலாற்று நாயகர் பெயர்களையும்தான் பிள்ளைகளுக்கு வைக்க முடிந்தது. விரும்பிய பெயரை வைக்கும் சுதந்திரம் வந்தது 1993இல்தான். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தெருவுக்குத் தெரு ரெனேக்கள் இருந்தார்கள். பெரும்பாலான பெற்றோர் அர்த்தத்தை யோசித்திருக்கவே மாட்டார்கள். சட்டையில் முதலையை ஒட்டிய டென்னிஸ் வீரர் லகோஸ்த்தும் ரெனே. தமிழிலும் லயன் காமிக்ஸ் வழியே சிரிக்க வைத்த லக்கி லூக் கதைகளை எழுதிய கோசினியும் ரெனே. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்த கொட்டியும் ரெனே. இவர்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதனால் பெயரின் அர்த்தத்தைப் பிள்ளையிடம் வசூலிக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் எண்ணம். இறந்த குழந்தைக்கும் ஒரு பெயர் உண்டு. அது அந்தக் குழந்தையுடையதாகவே இருக்கட்டும். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அழ வேண்டுமென்றால் அழுங்கள். அடுத்து வந்தவன் யாருக்கும் ஈடாக வரவில்லை.

நடுவயதில் புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். லாயெனெக்கின் நெஞ்சில் சளி கடைசிவரை இருந்தது. கஸேனின் வயிற்றில் அந்தக் காயம் கடைசிவரை இருந்தது. தங்களைப் பிடித்ததையே அவர்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். பழைய கடன், பழைய நோய், பழைய உறவு எல்லாம் தீர்ந்த பிறகுதான் புது வாழ்க்கை என்று காத்திருந்தால் காத்திருந்தே வயது போய்விடும். அவற்றில் எதை வைத்துப் பிறருக்கு ஒரு காரியம் ஆகும் என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.