அடுப்படியில் ஆத்ம விசாரம்

ஆன்மிகக் கேள்வி பதில்

கே: காலையில் இட்லி, மதியம் சாம்பார், ரசம், பொரியல், இரவு தோசை. கல்யாணமான நாளிலிருந்து இதே சுற்றுதான். அடுப்படிக்குள் நுழைந்தாலே சலிப்பாக இருக்கிறது. மனதுக்கு உற்சாகம் தர ஏதாவது ஸ்லோகம் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

ப: ஸ்லோகம் இருக்கட்டும். முதலில் ஓர் அம்மாளின் கதையைக் கேளுங்கள். இளையான்குடி மாற நாயனார் கதை எல்லோருக்கும் தெரியும். அதை அவர் மனைவியின் கதையாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த அம்மாள்தான் பெரியவர்.

நன்றாக வாழ்ந்த வேளாண் குடும்பம். அடியார்களுக்கு அன்னமிட்டே செல்வம் கரைந்துபோயிற்று. இனிக் கடன் கொடுப்பாரும் இல்லை. மழை கொட்டும் ஓர் இரவில், பசியோடு கதவை அடைத்துப் படுக்கப்போகும் நேரத்தில், நனைந்த கோலத்தில் ஒரு சிவனடியார் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி நெல் கிடையாது. என்ன செய்வது என்று கணவர் தவிக்கிறார். வழி சொன்னவர் மனைவி. பகலில் விதைத்த நெல் வயலில் கிடக்கிறதே, அதை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடலாம் என்றார்.

கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் தடவித் தடவிப் போனார் மாறனார். மழைநீரில் மிதந்து ஒதுங்கிய முளைநெல்லை அள்ளி வந்தார். விறகு இல்லை. கூரையின் கழிகளை அறுத்துப் போட்டார். கறிக்கு ஒன்றுமில்லை. குழியில் முளைத்திருந்த இளங்கீரையைப் பறித்துக் கொடுத்தார். அந்த அம்மாள் ஈரநெல்லை வறுத்து, குத்தி, அரிசியாக்கிச் சோறு வடித்தார். இருந்த ஒரே கீரையைத் தம் கைப்பக்குவத்தால் வெவ்வேறு கறிகளாக ஆக்கினார். சேக்கிழார் பெருமான் இந்தச் சமையலை ஒன்று விடாமல் பாடியிருக்கிறார். வந்த அடியார் சோதியாக எழுந்து நின்றது இத்தனைக்கும் பிறகுதான்.

ஒரு கீரைக்கட்டை வைத்துக்கொண்டு அந்த அம்மாளுக்குச் சலிப்பு வரவில்லை. ஒருவர் பசியோடு காத்திருக்கிறார் என்ற நினைப்பு அவர் கையை நடத்தியது. உங்கள் சலிப்புக்குக் காரணம் சாம்பார் இல்லை, தாயே. யாருக்காக வைக்கிறோம் என்பது மறந்துபோயிற்று. நாளைக்கு உலையில் அரிசி போடும்போது, சாப்பிட உட்காரப்போகிற ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு முறை நினைத்துக்கொண்டு போடுங்கள். ஸ்லோகமும் வேண்டுமென்றால் அன்னபூர்ணா அஷ்டகம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. சாப்பிட்டு எழும்போது ‘நன்றாக இருந்தது’ என்று சொன்னால் வாய் வலிக்காது.

கே: சமைக்கும்போது கைபேசியில் உபந்யாசம் கேட்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

ப: காது ஓர் ஊரில், கை ஓர் ஊரில் இருந்தால் பால்தான் பொங்கி வழியும். உட்கார்ந்து கேளுங்கள்.

கே: அம்மா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவர் வைக்கும் வத்தக்குழம்பை அதே அளவு, அதே நல்லெண்ணெய், அதே சுண்டைக்காய் வற்றலில் வைத்துப் பார்க்கிறேன். அந்த ருசி வரவில்லை. அடுப்படியிலேயே அழுதுவிடுகிறேன். நான் ஏதாவது குறை வைத்துவிட்டேனா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

ப: குறை ஒன்றுமில்லை அம்மா. அழுகை வந்தால் அழுங்கள். அதைத் தெய்வக் குற்றமாக நினைக்க வேண்டாம்.

நம் முன்னோர்கள், போனவர்களின் நினைவை அடுப்படியிலேயே வைத்தார்கள். ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளயம், தை அமாவாசை என்று வருகிற நாள்களையெல்லாம் பாருங்கள். தர்ப்பணம் ஆன கையோடு சமையல்தான். சிராத்தம் செய்கிற வீடுகளில் மிளகாயை ஒதுக்கி மிளகு சேர்ப்பார்கள். பிரண்டைத் துவையல், வாழைக்காய், எள்ளுருண்டை எல்லாம் உண்டு. படையல் போடுகிற வீடுகளில், போனவருக்கு எது பிடிக்குமோ அதைத் தேடிப் பிடித்து இலையில் வைப்பார்கள். இரண்டு வழக்கத்திலும் ஒன்று பொது. காக்கைக்கு வைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள். போனவர் பெயரைச் சொல்லி இன்னொரு உயிரின் பசி ஆறுகிறது. நினைவு அப்போதுதான் தர்மமாகிறது.

நீங்கள் வத்தக்குழம்பு வைத்து, அதை நீங்களே ருசி பார்த்து, அம்மாவின் குழம்போடு ஒப்பிட்டு, நீங்களே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறீர்கள். அங்கேதான் துக்கம் கட்டிப்போய் நிற்கிறது. அடுத்த அமாவாசைக்கு அதே குழம்பை வையுங்கள். உங்கள் தெருவில் அம்மா வயதில் ஒரு பாட்டி இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறுங்கள். ‘இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று நீங்கள் சொல்லும்போது, அம்மாவின் குரலே உங்கள் வாயில் வரும். அவர் உங்களுக்கு விட்டுப்போன சொத்து அது. குழம்பின் ருசி அதற்குப் பின்னால் வரும், வராமலும் போகும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கே: வெங்காயம், பூண்டு சாப்பிடுகிறவர்களுக்கு ஆன்மிக முன்னேற்றம் வராது என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஈரோடு

ப: விரத நாளிலும் சிராத்தத்திலும் விலக்குவது மரபு. அதை மீறாதீர்கள். மற்ற நாள்களில் உங்கள் குல வழக்கம் எதுவோ அதுவே தர்மம். வாயால் ருசி பார்த்து, நல்ல இறைச்சியாகத் தேர்ந்து வைத்த கண்ணப்பரைக் காளத்தியப்பர் ஆறே நாளில் ஆட்கொண்டார். பூண்டை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பொறாமையை விட்டவர் ஒருவரைக் காட்டுங்கள், விழுந்து கும்பிடுகிறேன்.

கே: என் மகன் அடுப்படியில் மனைவிக்கு உதவுகிறான். ஆண்பிள்ளை சமைக்கலாமா என்று மனம் சங்கடப்படுகிறது.
– ஒரு தாய், விழுப்புரம்

ப: சமையலுக்கே நளபாகம், பீமபாகம் என்று இரண்டு ராஜாக்களின் பெயரை வைத்த நாட்டில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்திருப்பவர் யார் என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள். பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள். சங்கடத்தை விட்டுவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

கே: ‘நான் யார்’ என்று விசாரம் செய்யச் சொல்கிறார் பகவான் ரமணர். எனக்குக் காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் இரவு பத்துக்குத்தான் ஓய்வு. குடும்பப் பெண்ணுக்கு இந்த விசாரமெல்லாம் சாத்தியமா?
– ஒரு வாசகி, மதுரை

ப: இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை எழுந்து உட்கார வைத்த கேள்வி இது. உங்களுக்கான பதிலைப் பகவானே, ஒரு குடும்பப் பெண்ணை உத்தேசித்துச் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பெண் அவரைப் பெற்ற அழகம்மாள்.

1896-ல் பதினாறு வயதில், உங்கள் மதுரையிலிருந்துதான் அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போனது. திருவண்ணாமலையில் இருக்கிறான் என்று தெரிந்து தாய் தேடிப் போனார். வீட்டுக்கு வா என்று அழுதார். பிள்ளை அசையவில்லை. வருடங்கள் கழிந்தன. கடைசியில் தாயே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். தாய் இருக்கும் இடத்தில் அடுப்பு எரியாமல் இருக்குமா? மலைமேல் இருந்த துறவிகளுக்கெல்லாம் அவர் கையால் சாப்பாடு.

அந்த நாள்களில் ஒருமுறை அம்மாவுக்கு அப்பளம் இட ஆசை வந்துவிட்டது. உளுந்து, பிரண்டை எல்லாம் சேகரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கைகொடுக்க மகனைக் கூப்பிட்டார். மகன் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்தில் ‘அப்பளப் பாட்டு’ பாடிக் கொடுத்தார்.

அந்தப் பாட்டு ஒரு முழு அப்பளப் பக்குவம். படி தவறாமல் இட்டுப் பொரிக்கலாம். ஒவ்வொரு சாமானுக்குள்ளும் வேதாந்தத்தை வைத்தார் என்பதுதான் அதிசயம். ‘நான்’ என்கிற அகந்தை உளுந்து. அதை ‘நான் யார்’ என்கிற விசாரத் திரிகையில் போட்டு உடைத்துப் பொடியாக்க வேண்டும். பிரண்டைச் சாறு சத்சங்கம். சீரகமும் மிளகும் மனத்தையும் புலனையும் அடக்குகிற சமம், தமம். உப்பு, ஆசைகளிலிருந்து விலகி நிற்கிற உபரதி. பெருங்காயம் நல்ல வாசனை. பிசைந்த மாவை நெஞ்சுக் கல்லில் வைத்து, உள்முகமாகிற உலக்கையால் இடிக்க வேண்டும். சாந்தம் என்ற குழவியால் சமமான பலகையில் இட வேண்டும். மௌனம் என்ற பாத்திரத்தில், ஞான நெருப்பில் காயும் பிரம்மம் என்ற நெய்யில் பொரித்து எடுக்க வேண்டும். அப்புறம் சாப்பிட வேண்டியதுதான்.

மகன் அம்மாவைத் திரிகையை விட்டு எழுந்து குகைக்குள் போய் உட்காரச் சொல்லவில்லை, கவனியுங்கள். அவர் கையில் எது இருந்ததோ அதிலேயே ஆரம்பித்தார். அப்பளம் இடுகிற தாய்க்கு அப்பளத்தில் உபதேசம்.

பிறகு பகவானே சமையலறைக்கு வந்தார். ரமணாசிரமத்தில் பல காலம், விடிவதற்கு முன்பே காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். சட்னி அரைப்பார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். பந்தியில் தமக்கு மட்டும் அதிகமாக எதை வைத்தாலும் கண்டிப்பார். அழகம்மாள் 1922-ல் அடங்கினார். அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமமே எழுந்தது. அந்தச் சமாதிமேல்தான் இன்று மாத்ருபூதேஸ்வரர் சன்னிதி. சமைத்துக்கொண்டே இருந்த ஒரு தாய்க்குக் கிடைத்த பதவியைப் பாருங்கள். இதற்குப் பிறகும் சாத்தியமா என்று கேட்பீர்களா?

உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நேரம் ஒதுக்க வேண்டாம். வீட்டில் யாராவது ஒருவர், ‘இன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறதே’ என்பார். உள்ளே சுருக்கென்று ஒன்று எழும். ‘விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டு செய்கிறேன், என்னைப் போய்...’ என்று அது பேச ஆரம்பிக்கும். அந்த ‘என்னை’யைப் பிடித்துக்கொள்ளுங்கள். புண்பட்டது யார்? குழம்பா, கையா, இந்த இரண்டையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிற ஒன்றா? அதைத் திரும்பிப் பார்த்தால் அது நிற்காது. அந்தப் பார்வைதான் விசாரம். உளுந்து திரிகையில் விழுந்துவிட்டது. மறுபடி மேசைக்குப் போய் மோர் ஊற்றுங்கள்.

கே: கனவில் பெருமாள் வந்து சர்க்கரைப் பொங்கல் கேட்டார். எனக்கோ சர்க்கரை நோய். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: அவர் கேட்டது அவருக்கு. செய்து நிவேதித்துக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். நீங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும்.

கே: நைவேத்தியத்துக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது என்கிறார்கள். உப்பு கூடவோ குறையவோ ஆகிவிட்டால் அபசாரம் இல்லையா?
– ஒரு வாசகி, திருச்சி

ப: ருசி பார்க்கக் கூடாது என்பதே சரி. முதலில் அவருக்கு, அப்புறம்தான் நமக்கு. உப்பைப் பற்றிய பயம் வேண்டாம். ஒப்பிலியப்பன் கோயிலில் உப்பே இல்லாமல்தான் தளிகை. பூமிதேவித் தாயார் சின்னப்பெண், உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்று தகப்பனாரான மார்க்கண்டேயர் சொன்னபோது, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டவர் அவர். திருக்கண்ணபுரத்தில் முனையதரையர், நள்ளிரவில் கோயில் நடை சாத்திவிட்டதே என்று, வீட்டில் செய்த பொங்கலை மனத்தாலேயே பெருமாளுக்குச் சமர்ப்பித்தார். சாத்திய கதவுக்குள் பொங்கல் வந்து சேர்ந்தது என்கிறது தலவரலாறு. முனையதரையன் பொங்கல் இன்றும் அங்கே பிரசாதம். பெருமாள் எதிர்பார்ப்பது உங்கள் கவனத்தை. அளவுப் பிழையை அவர் பொறுத்துக்கொள்வார்.

கே: மனைவி போய்விட்டாள். பிள்ளை அமெரிக்காவில். எனக்குச் சமைக்கத் தெரியும். ஆனாலும் ஒரே ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. பிஸ்கட்டும் பாலுமாகப் பல இரவுகள் போகின்றன.
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது, ஐயா. இரண்டு பேருக்காக மூட்டுங்கள்.

தனக்கென்று மட்டும் சமைத்துக்கொள்வதைக் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் கடுமையாகவே கண்டிக்கிறான். பிஸ்கட் சாப்பிட்டுப் படுப்பதை எளிமை என்று எண்ணிவிடாதீர்கள். உடம்பு அவன் தந்தது. அதைப் பட்டினி போட உங்களுக்கு உரிமை இல்லை.

வடலூருக்குப் போயிருக்கிறீர்களா? வள்ளலார் சொந்தக் குடும்பம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாதவர். 1867-ல், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் சத்திய தருமசாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருகிறவர்களுக்கு அங்கே இன்றும் சோறு உண்டு. பெற்ற பிள்ளையும் பேரனும் இருந்தால்தான் அடுப்பு எரியும் என்பது நாமாகச் சொல்லிக்கொள்வது. பசித்தவர் ஒருவர் இருந்தால் போதும், அடுப்புக்குக் காரணம் வந்துவிடும்.

காஞ்சி மகாபெரியவர் வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைக்கச் சொன்னார். நீங்களும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அதிகம் போடுங்கள். உங்கள் குடியிருப்பில் இரவுக் காவலுக்கு ஒருவர் இருப்பார். பக்கத்துத் தெருவில் உங்களைப் போலவே தனியாக ஒருவர் இருப்பார். மனைவி என்னென்ன செய்வார்களோ, அதை ஒரு நாளைக்கு ஒன்றாக நினைவுபடுத்திச் செய்யுங்கள். மோர்க்குழம்பில் ஆரம்பிக்கலாம், அது எளிது. அவர்களில் ஒருவருக்குப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். பிள்ளை தொலைபேசியில் ‘அப்பா, சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டால், ‘சாப்பிட்டோம்’ என்று சொல்லுங்கள்.